இறையியல் கல்லூரி பழைய மாணவர் சங்கம்: சந்தா கட்டலாமா?

கட்டலாம். இறையியல் படிப்பு முடித்து ஊழியத்துக்கு வந்தவர்கள், அதிலும் முதல் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் விடுகிற சபைகளுக்கு, போய் இன்னும் புத்தகப் பெட்டிகூடப் பிரிக்காமல் இருக்கிறவர்கள், இந்த வருஷமே கட்டிவிடுங்கள். ஆண்டுக் கூடுகையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கட்டினால் ஏமாற்றமாக இருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சங்கம் செய்கிற வேலைகளில் சுமாரானவற்றில் ஒன்று அந்தக் கூடுகை. கொடுக்கிற காசுக்குப் பெறுமானம் மற்ற மாதங்களில் இருக்கிறது. எங்கள் சபையிலிருந்து போய் இந்த வருஷம் படிப்பு முடித்த ஒரு தம்பி, "அக்கா, இந்தச் சந்தாவெல்லாம் தண்டம் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில் இன்னும் பலருக்கும் உதவும் என்று பட்டது, அதனால் எழுதுகிறேன்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகர குருவாக இருக்கிறேன். படித்த கல்லூரி, இறையியல் பட்டங்கள் வழங்குகிற செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளில் ஒன்று. பல திருமண்டலங்களிலிருந்தும் (ஒரு பேராயரின் கீழ் இருக்கிற சபைகள்) லுத்தரன் சபைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிற இடம். ஆயுள் சந்தா ஒரே தடவை கட்டுவது. புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்குப் பாதிதான், அதையும் தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குக் கிடைப்பவை: ஊர்வாரியாகத் தொலைபேசி எண்கள் அச்சிட்ட கையேடு, ஜெபக்குறிப்புகளோடு தபாலில் வரும் காலாண்டு மடல், கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிக்கவும் புத்தகம் எடுக்கவும் உரிமை, கல்லூரி விருந்தினர் அறையில் குறைந்த வாடகைக்குத் தங்கும் வசதி, அவசர உதவி நிதி, வருஷத்துக்கு ஒருமுறை கூடுகை. தாளில் இருப்பது இவ்வளவு. தாளில் எழுதாத இரண்டு விஷயங்கள் உண்டு, திங்கட்கிழமைச் சந்திப்பும், ஒருவர் சபைப் பண்டிகைக்கு இன்னொருவர் போய்க் கூடமாட நிற்பதும். என் கணக்கில் சந்தா முழுவதும் அந்த இரண்டுக்கே சரியாகிவிடும்.

கூடப் படித்தவர்களோடு தொடர்பில் இருக்க ஒரு சங்கம் எதற்கு, போன் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கல்லூரியில் இருந்த வருஷங்களை யோசித்துப் பாருங்கள். காலையில் சிற்றாலய ஆராதனை, அப்புறம் எபிரேய வினைச்சொல், மத்தியானம் மெஸ் வரிசை, சனி ஞாயிறு கள ஊழியம், இரவு பத்து மணிக்கு மேல் ஒருவர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்து யோபு புத்தகத்தைப் பற்றிச் சண்டை. அப்புறம் ஒரு மே மாதத்தில் கையில் நியமன உத்தரவோடு தனியாக ஓர் ஊரில் வந்து இறங்குகிறோம். சேகரம் என்றால் ஒரு ஆலயத்தோடு முடிவதில்லை. தலைமைச் சபையைச் சுற்றிக் கிராமச் சபைகள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடித்து அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். நடுவாரத்தில் நோயாளி வீடு, கல்யாண அறிவிப்பு ஓலை, அடக்க ஆராதனை, கமிட்டிக் கூட்டம், பள்ளிக்கூடப் பிரச்சினை. ஊரே குருமனைக்கு, குரு குடியிருக்கிற வீட்டுக்கு, வரும், எல்லார் வீட்டுக் கதையும் நமக்குத் தெரியும். நமக்கு மனசு சரியில்லாத நாளில் அந்த ஊரில் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. சபையாரிடம் சொன்னால் மறுநாள் கமிட்டியில் பேச்சாகிவிடும், மேலிடத்தில் சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும். இந்த வேலையின் உள்பக்கம் தெரிந்தவராகவும் நம் சபைக்கு வெளியே இருப்பவராகவும் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பது பெரும்பாலும் கூடப் படித்தவர்களில்தான். மாற்றல் மேல் மாற்றல் வந்து முகவரி மாறிக்கொண்டே இருக்கிற கூட்டம் நாம். யார் எங்கே இருக்கிறார் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தால்தான் தொடர்பு நிலைக்கும். சங்கத்தின் கையேடு அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. ஜூன் மாத மாற்றல்களை ஜூலை மடலிலேயே போட்டுவிடுகிறார்கள்.

ஆண்டுக் கூடுகைக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்து, மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்னால் உள்ள இடைவெளியில் வைக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் முழுவதும் ஓடி, பெரிய வெள்ளிக்கிழமை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் ஆராதனையும் ஈஸ்டர் விடியற்கால ஆராதனையும் முடித்த குருவுக்கு அப்போதுதான் மூச்சு வரும். கோளாறு எந்தக் கிழமை என்பதில் இருக்கிறது. வியாழன் மாலை தொடங்கிச் சனி மத்தியானம் முடிக்கிறார்கள். சனி மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பினால் மார்த்தாண்டத்துக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் எப்போது வீடு சேர்வது, எப்போது மறுநாள் பிரசங்கத்துக்கு உட்காருவது? பாதிப் பேர் வெள்ளி இரவே பஸ் ஏறிவிடுகிறார்கள். ஞாயிறு இரவு வந்து புதன் காலை கிளம்பும்படி வைத்தால் எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம். இதை எழுதியும் கொடுத்தோம், மண்டபம் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் மேடைக்குப் போய்விடுகிறது. வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், அவருக்கு நினைவுப் பரிசு, அதற்குப் பிறகு இன்னொரு சிறப்பு விருந்தினர். பேசியவர்கள் சொன்னது நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்திருப்பவர்கள் வருஷம் முழுவதும் அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுக் கேட்டு வந்தவர்கள். தாங்கள் வாய் திறக்க ஓர் இடம் கிடைக்காதா என்று வந்தவர்களை நாற்காலி வரிசையில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் மேடையைப் பார்க்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் பாதி நேரத்தை வெட்டி, வகுப்பு வாரியாகவோ திருமண்டல வாரியாகவோ வட்டமாக உட்கார வைத்தாலே போதும்.

கூடுகையில் எனக்குப் பிடித்ததையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் காலமான பழைய மாணவர்களின் பெயர்களைப் படித்த ஆண்டோடு வாசிக்கிறார்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் கூடப் படித்த ஒருவர் எழுந்து, அவர் எந்தெந்த ஊரில் ஊழியம் செய்தார் என்று மட்டும் சொல்கிறார். புகழ்ச்சி கிடையாது, ஊர்ப் பெயர்கள்தான். யாருக்கும் தெரியாத சின்னச் சின்னக் கிராமங்களின் பெயர்கள் அந்தச் சிற்றாலயத்தில் வரிசையாக ஒலிக்கும்போது, இந்த வேலைக்கு இதைவிட மரியாதையான கணக்கு வேறில்லை என்று தோன்றும். அதேபோல் பிள்ளைகள். குருமனைப் பிள்ளைகள் மாற்றலுக்கு மாற்றல் பள்ளிக்கூடம் மாறுகிறவர்கள், குருவை ஐயர் என்பார்கள், ஐயர் வீட்டுப் பிள்ளை என்று ஊரே கண்காணிக்கும். இங்கே வந்தால் தங்களைப் போலவே இருக்கிற இருபது முப்பது பிள்ளைகளோடு விடுதி மொட்டைமாடியில் ராத்திரி வரை விளையாடுகிறார்கள். என் மகள் இப்போதும் பேசிக்கொண்டிருக்கிற தோழி ஒருத்தி அங்கே கிடைத்தவள்தான். சாப்பாடு பற்றிக் கேட்டால், வெள்ளி இரவு பரோட்டாவும் கறிக்குழம்பும் அருமை, காலை உப்புமா பரவாயில்லை. பெண்களுக்குக் கொடுக்கிற விடுதி அறைகளில் தண்ணீர் வசதி மோசம், கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

சங்கம் ஏற்பாடு செய்கிற பயணங்களில் தரங்கம்பாடிப் பயணத்தைத் தவறவிடாதீர்கள். ஜூலை 9-ஐ ஒட்டிக் கூட்டிப்போகிறார்கள். ஜெர்மன் மிஷனெரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும், அப்போது டேனியர் (டென்மார்க்குக்காரர்) கையில் இருந்த அந்த ஊரில் 1706-இல் கரையிறங்கிய நாள் அது. மயிலாடுதுறையிலிருந்து பஸ் போகும். பழைய நகர வாசலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் புதிய எருசலேம் ஆலயம். 1718-இல் கட்டியது, முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரை இன்னும் இருக்கிறது. ஆலயத்தைக் கட்டி முடித்த அடுத்த வருஷமே, 1719-இல், சீகன்பால்கு 36 வயதில் இறந்துபோனார், அவரை அடக்கம் செய்ததும் அந்த ஆலயத்துக்குள்ளேதான். வந்த கொஞ்ச காலத்திலேயே டேனியத் தளபதியோடு மோதல் வந்து கோட்டையில் நான்கு மாதம் சிறையில் இருந்தவர் அவர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது, பள்ளிக்கூடம் நடத்தியது எல்லாம் நமக்குப் பாடத்தில் வந்தவை. ஆனால் உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க 1716-இல் அதே ஊரில் ஒரு குருமடம் தொடங்கினார் என்பது, இறையியல் கல்லூரியில் படித்தவர்கள் அந்த மணலில் நின்று கேட்கும்போது வேறு மாதிரி கேட்கிறது. நம் எல்லாருடைய வகுப்பறைக்கும் மூத்த வகுப்பறை அது.

கோட்டை மதிலில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்ன விஷயம் எங்களில் பலர் அதுவரை சேர்த்து யோசிக்காதது. தரங்கம்பாடியைப் போலவே வங்காளத்துச் செராம்பூரும் டேனியர் கையில் இருந்த ஊர். 1818-இல் கேரி, மார்ஷ்மன், வார்டு என்கிற ஆங்கிலேய மிஷனெரிகள் மூவரும் அங்கே கல்லூரி தொடங்க, 1827-இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக் கொடுத்த சாசனத்தால் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை வந்தது. நம் பி.டி. என்கிற இறையியல் பட்டம் அந்தச் சாசனத்தின் வழியில்தான் வருகிறது. 1845-இல் இரண்டு ஊர்களையும் டேனியர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் கைமாறியது, கல்லூரி நிலைத்து நின்றது. வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற சான்றிதழுக்கும் அந்தக் கடற்கரைக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்று வரலாற்று வகுப்பில் எனக்கு உறைக்கவில்லை, அங்கே உறைத்தது.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது ஆரோனின் கதை. கடலூர்க்காரர், 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றவர், சீர்திருத்தச் சபைகளில் முதல் தமிழ்க் குரு. அடுத்து தியோகோ பட்டம் பெற்றது 1741-இல். நடுவில் ஏறத்தாழ எட்டு வருஷம். ஐரோப்பிய மிஷனெரிகள் இருந்தார்கள், குருவுக்குத் துணையாக நிற்கிற உபதேசிமார் இருந்தார்கள், ஆனால் தன்னைப் போலவே தமிழனாகவும் குருவாகவும் இருந்து, கிராமம் கிராமமாக அலைந்து, சொந்தச் சாதிசனத்தின் பேச்சையும் வாங்கிக்கொண்டு வேலை செய்கிற இன்னொரு மனுஷன் அந்த எட்டு வருஷமும் ஆரோனுக்கு இல்லை. அன்று மாலை ஆலயத்துக்குள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறோம், என்ன பாரம் என்று சொன்னோம். ஆரோனுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது, அதை ஏன் இப்படி வீணாக்குகிறோம் என்று ஒரு அண்ணன் கேட்டார். அந்தப் பேச்சில்தான் எங்கள் பகுதித் திங்கட்கிழமைச் சந்திப்பு முளைத்தது. பயணத்தில் குறை என்றால், தங்கும் இடம் நெருக்கடி, சீகன்பால்கு வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிய நேரம் ரொம்பக் குறைவு, வெயிலில் வயதானவர்களுக்கு வண்டி ஏற்பாடு இல்லை. கொடிக்கால் பந்தல் மாதிரி நிழல் எதிர்பார்த்து அந்த ஊருக்குப் போகாதீர்கள், தொப்பியும் தண்ணீரும் கையில் வேண்டும்.

திங்கட்கிழமைச் சந்திப்பு என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. குருமார்களுக்குத் திங்கள்தான் ஓய்வு நாள், அதுவும் யாரும் சாகாமல் இருந்தால். ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருக்கிற பழைய மாணவர்கள், எந்த சபையாக இருந்தாலும், மாதத்துக்கு ஒரு திங்கள் யாராவது ஒருவர் குருமனையில் கூடுகிறோம். சங்கம் செய்வது அந்தந்தப் பகுதிக்கு ஒரு பொறுப்பாளரைப் போட்டுப் பட்டியலைக் கொடுப்பது மட்டும். வந்ததும் அடுத்த ஞாயிறுக்குரிய வேதபாடத்தைச் சேர்ந்து வாசிக்கிறோம். எங்கள் குழுவில் கிரேக்கத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிற லுத்தரன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவர் மூல வார்த்தையைச் சொல்வார். விவசாயம் பார்த்துக்கொண்டே ஊழியம் செய்கிற ஒருவர் விதைக்கிறவன் உவமையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு மண்ணைப் பற்றி வகுப்பே எடுத்துவிட்டார், அந்த வாரம் எங்கள் பிரசங்கங்களில் எல்லாம் அவருடைய மண் இருந்தது. அப்புறம் சாப்பாடு. வீட்டுக்காரர் சோறும் ஒரு குழம்பும் மட்டும் வைக்க வேண்டும், கூடுதலாகச் செய்யக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்தோம், இல்லையென்றால் குருவின் மனைவிக்கோ கணவருக்கோ அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அவர்களும் வட்டத்தில் உட்கார வேண்டும் என்பதும் அப்போதே வைத்த ஏற்பாடு. திருமண்டலத் தேர்தல் பேச்சு அந்த வீட்டு வாசலுக்கு வெளியே. மூன்று மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவோம்.

இதில் நடப்பதை வெளியே எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊழியத்தையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்து ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர் ஒருவர் எங்கள் நடுவில் இருக்கிறார். யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அவருடைய கிராமச் சபைகளை எங்களில் இருவர் போய்ப் பார்த்துக்கொண்டார்கள், அவர் குடும்பத்தோடு அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்தார். இப்போதும் ஊழியத்தில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதினேன்.

அடுத்து பண்டிகைகள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சபை வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அசனம் என்றால் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊருக்கே போடுகிற சாப்பாடு. வீடு வீடாக அரிசியும் காணிக்கையும் சேரும், முந்தின ராத்திரி ஆலய வளாகத்தில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், விடியற்காலம் பெரிய பெரிய அடுப்புகள் எரியும், ஜெபித்துவிட்டுப் பந்தி போட்டால் எந்த மதத்துக்காரரானாலும் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த ராத்திரிதான் சேகர குருவுக்கு இருக்கிறதிலேயே நீண்ட ராத்திரி. சமையல் பார்க்க வேண்டும், மறுநாள் திருவிருந்து ஆராதனை நடத்த வேண்டும், யார் வீட்டுக் காணிக்கையை முதலில் வாசிப்பது என்கிற மனஸ்தாபத்தைத் தீர்க்க வேண்டும், வெளியூரிலிருந்து வந்த ஊர்க்காரர்களை விசாரிக்க வேண்டும். கூடப் படித்தவர் ஒருவர் முந்தின மாலையே வந்து நின்றால் பாதி பாரம் குறைந்துவிடும். எங்கள் பகுதியில் இப்போது அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது, அசனத்துக்கு முன்தினம் இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். வருகிறவர் மேடை ஏறுவதில்லை. வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார், சபையார் மனசில் என்ன இருக்கிறது என்று அந்தக் குருவைவிட இவருக்கு அதிகம் காதில் விழுகிறது, மறுநாள் போகும்போது பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அறுப்பின் பண்டிகையிலும் அப்படித்தான். சபையார் கொண்டுவந்து படைத்த வாழைத்தார், முருங்கைக்காய், கோழி, பனங்கருப்பட்டி எல்லாம் ஆராதனை முடிந்து ஏலத்துக்கு வரும். எங்கள் சபையில் ஏலம் விடத் தெரிந்தவர் அந்த வருஷம் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். பக்கத்துச் சேகரத்தில் இருக்கிற என் வகுப்புத் தோழர் கல்லூரி நாட்களிலேயே குரல் வளம் உள்ளவர். வந்து நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டுவந்த பாட்டியின் பெயரைச் சொல்லி, அந்த மரம் எந்த வருஷம் நட்டது என்று அவர்களிடமே கேட்டு, ஏலத்தை ஆரம்பித்தார். அந்தப் பாட்டியின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஆலயக் கூரை ஓடுகளை மாற்றத் தேவையான பணத்தில் நல்ல பகுதி அன்று சேர்ந்தது. அவருடைய சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தபோது நான் போய்ப் பத்து நாளும் பெரிய பிள்ளைகள் வகுப்பை எடுத்தேன். சந்தா ரசீதில் இதெல்லாம் அச்சாகியிருக்காது. ஆனால் அந்தப் பட்டியலும் ஜூலை மடலும் இல்லாமல் இருந்தால் அவர் பக்கத்துச் சேகரத்துக்கு மாறி வந்ததே எனக்கு உடனே தெரிந்திருக்காது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் மேலே மேலே வந்து விழுந்து, நடுவில் வந்த மரணச் செய்தி ஒன்று கண்ணில் படாமல் போய்விடும். ஒலியை நிறுத்தி வைத்துவிட்டு ராத்திரி ஒருமுறை பாருங்கள். பொறுப்பாளர்கள் அறிவிப்புக்கென்று தனிக் குழு ஒன்று வைத்து, அதில் தாங்கள் மட்டும் எழுதும்படி செய்தால் நல்லது. இரத்தம் தேவை, ஆஸ்பத்திரியில் யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்பதற்கெல்லாம் இப்போதிருக்கிற குழுவே கை கொடுக்கிறது, வேலூர் சி.எம்.சி.க்குப் போகிற நம் ஆட்களுக்கு அங்கே பக்கத்தில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் ராத்திரி வேளையிலும் போய் நிற்கிறார் என்பது எனக்கு நேரடியாகத் தெரியும்.

அவசர உதவி நிதி என்னைக் கோபப்படுத்திய விஷயம். எண்ணம் நல்லது. ஒரு குரு திடீரென்று இறந்துபோனால் அவர் குடும்பம் அடக்கம் முடிந்த கொஞ்ச நாளிலேயே குருமனையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த குரு வர வேண்டுமே. துக்கத்தோடு துக்கமாக வீடு தேட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். கையில் பணம் வேண்டியது அந்த வாரத்தில். சங்கத்தில் மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட்டுச் செயற்குழு ஒப்புதல் கொடுத்துப் பணம் வர மாதங்கள் ஆகிவிட்டன. எங்கள் வகுப்பில் இப்படி ஒரு வீட்டில் நடந்தபோது நாங்களே கைக்காசைச் சேர்த்து வாடகை முன்பணம் கட்டினோம், மூட்டை கட்டவும் நாங்களே போனோம். ஒரு குறிப்பிட்ட தொகை வரை செயலாளர் ஒருவரே உடனே கொடுக்கலாம், கணக்கைப் பிறகு செயற்குழுவில் வைக்கலாம் என்று விதியை மாற்றினால் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதை யாராவது எழுப்பினால் நான் வழிமொழிகிறேன், யாரும் எழுப்பாவிட்டால் நானே எழுப்புவேன்.

இன்னொரு மனக்குறை, கணக்கில் விடுபடுகிறவர்களும் கூடுகைக்கு வராதவர்களும். தென்னிந்தியத் திருச்சபையில் 1976-இல் எலிசபெத் பால் முதல் பெண் குருவாகப் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் இறையியல் படித்திருக்கிறோம். படித்த எல்லாருக்கும் குருப்பட்டம் கிடைத்துவிடவில்லை. என்னோடு படித்தவர்களில் என்னைவிட நன்றாகப் படித்த தோழி ஒருத்தி ஒரு குருவை மணந்து ஊர் ஊராகப் போய் ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் ஐக்கியமும் நடத்திக்கொண்டிருக்கிறாள், பட்டமும் இல்லை சம்பளமும் இல்லை. சங்கத்தின் கையேட்டில் அவள் பெயர் அவள் கணவர் பெயருக்குக் கீழே "திருமதி" என்று இருந்தது. அவளும் அதே கல்லூரியில் அதே தேர்வை எழுதியவள். போராடித் தனி வரியாகப் போட வைத்தோம், இப்போது புதிய பதிப்பில் எல்லாப் பெண்களுக்கும் தனி வரி உண்டு, படித்த ஆண்டோடு.

வட இந்தியாவில் பணித்தளங்களில் இருப்பவர்களும் வர முடிவதில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில், பிற்காலத்தில் பேராயரான அசரியா முதலானோர் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து நம் பக்கத்து ஆட்கள் வேறு மொழி பேசுகிற ஊர்களுக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவது வழக்கம். இவர்களுக்கு ஏப்ரலில் ரயில் டிக்கெட் கிடைத்து, விடுப்புக் கிடைத்து, இங்கே வருவது என்பது சுலபமில்லை. அவர்கள் எழுதுகிற கடிதங்களைக் காலாண்டு மடலில் இரண்டு பக்கம் போடுகிறார்கள், மடலிலேயே நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். ஊழியத்தை விட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் கதை வேறு. பள்ளி ஆசிரியராக, வங்கியில், தொண்டு நிறுவனத்தில் இருக்கிறவர்கள் வரக் கூச்சப்படுகிறார்கள், "இப்ப எந்தச் சேகரம்?" என்கிற முதல் கேள்வியே அவர்களை வெளியே தள்ளிவிடுகிறது. வரவேற்பு மேசையில் கொடுக்கிற அட்டையில் பதவியை அச்சிடாமல் பெயரும் படித்த வருஷமும் மட்டும் போட்டால் இது நிறையக் குறையும். செலவே இல்லாத திருத்தம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஆண்டுக் கூடுகைக்கு ஐந்தில் இரண்டரை, தரங்கம்பாடிப் பயணத்துக்கு நான்கு, உதவி நிதிக்கு இப்போதைய நிலையில் ஒன்று, திங்கட்கிழமைச் சந்திப்புக்கும் பண்டிகைத் துணைக்கும் முழுசாக ஐந்து.

சேர்கிறவர்கள் விண்ணப்பத்தில் நிரந்தர முகவரியாகக் குருமனை முகவரியைக் கொடுக்காதீர்கள், சொந்த ஊர் முகவரியைக் கொடுங்கள், மாற்றல் வந்தால் மடல் தொலையாது. கணவர் அல்லது மனைவியின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பகுதிப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அடுத்த திங்கள் யார் வீட்டில் என்று விசாரித்துவிட்டுப் போய் உட்காருங்கள், அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதியில் அப்படி ஒன்று நடக்கவில்லை என்றால் கையேட்டில் பக்கத்து ஊர்ப் பெயர்கள் நான்கைந்து கிடைக்கும், அவர்களுக்குப் போன் போட்டு உங்கள் குருமனையிலேயே முதல் சந்திப்பை வையுங்கள். சோறும் ஒரு குழம்பும் போதும்.